செருப்புக்கடை ஒழுகவில்லை

சாவிகள் கைமாற இன்னும் எழுபத்திரண்டு மணி நேரம் இருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணி என்று நகராட்சி நோட்டீஸில் போட்டிருந்தது. திங்கட்கிழமை அதே பத்து மணிக்கு அக்கா எங்கள் கடைக்குள் வந்து, கல்லாவின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“கிடைச்சிடுச்சுப்பா! செருப்புக்கடை எனக்குத்தான்.”

அப்பா சாவி வெட்டும் மெஷினை நிறுத்தவில்லை. வெட்டி முடித்து, சாவியின் பல்லை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, தூளை ஊதிவிட்டு, அதன் பிறகுதான் நிமிர்ந்தார்.

“அந்தக் கடை வேண்டாம்மா.”

“ஏன்?”

“ஒழுகும்.”

“எங்க ஒழுகும்?”

“எல்லா இடத்திலயும்தான்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மழைக்காலம் வரட்டும், நீயே பாப்ப.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சாவிகளுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். வேதியியலில் பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக் கடையில் வந்து உட்கார்ந்தவள் நான். வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: “அப்பா இல்லையா?” அதற்குத் தலையாட்டினால் போதும். எனக்கு அது வசதியாக இருந்தது.

“இந்தத் தெருவுல ஒம்பது கடை மூடிக் கிடக்கு,” என்றாள் அக்கா. “ஒம்பதுக்கும் குலுக்கல் போட்டு, அதுல எனக்கு ஒண்ணு விழுந்திருக்கு. ஆறு மாசம் வாடகை கிடையாது. ஊரே வாழ்த்துது. நீங்க ஒழுகும்கறீங்க.”

“வேற இடம் பாக்கலாம்.”

“எப்ப? மாசக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?”

அக்காவிடம் நான்கு தையல் மெஷின்கள் இருந்தன. அவளோடு சேர்த்து நான்கு பெண்கள். அதுவரை வீட்டுக் கூடத்தில்தான் தைத்தார்கள். சத்தத்தில் குழந்தை தூங்குவதில்லை என்று கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வர, மாதக் கடைசிக்குள் மெஷின்கள் வெளியே போக வேண்டும் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். செருப்புக்கடை இல்லையென்றால் மெஷின்களை விற்க வேண்டியதுதான். இது அப்பாவுக்கும் தெரியும்.

“உண்மையைச் சொல்லுங்க,” என்றாள் அக்கா. “அந்தக் கடையை இவளுக்குன்னு மனசுல வச்சிருக்கீங்களா?”

ஒரு சீட்டைக் கட்டிய சாவிக்கே இன்னொரு சீட்டைக் கட்டினேன்.

“பைத்தியமா உனக்கு,” என்றார் அப்பா. மெஷினை மறுபடி ஓட விட்டார். அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது.

எங்கள் தெருதான் ஊரின் நடு. இருபத்தியொரு கடைகள். முதலில் செருப்புக்கடை மூடியது, பிறகு மருந்துக்கடை. செருப்பு வாங்க வந்தவர்கள் குடையும் வாங்கினார்கள். மருந்துக்கு வந்தவர்கள் போகிற போக்கில் முடி வெட்டிக்கொண்டார்கள். அவர்கள் வராமல் போனதும் மற்றவர்களுக்கும் வியாபாரம் இளைத்தது. மூடின கடை அம்மை மாதிரி, பக்கத்துக்குத் தொத்தும் என்று எதிர் வரிசை சலூன்காரர் சொல்வார். ஒன்றை அடுத்து ஒன்றாக ஒன்பது ஷட்டர்கள் இறங்கின. ஒன்பதிலும் தொங்குவது எங்கள் கடையில் வாங்கிய பூட்டு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் எங்கள் கடைப் பெயர் ஒட்டியிருக்கும்.

கடை திறந்தால் ஒரு பூட்டு விற்கும். கடை மூடினாலும் ஒரு பூட்டு விற்கும், ஆனால் அதுதான் அந்தக் கடைக்கு நாங்கள் விற்கும் கடைசிப் பூட்டு. ஒன்பது கடை ஒரே வாரத்தில் திறக்கப்போகிறது என்றால் மற்ற எவரையும் விட அப்பாதான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும்.

எனக்கு இன்னொன்றும் தெரியும். அக்காவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், ரொட்டி சுடும் அம்மா ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். கடை தேடி வருபவர்கள் எல்லோரும் எங்களிடம்தான் முதலில் வருவார்கள். பூட்டில் உள்ள பெயரைப் பார்த்துவிட்டு வருவார்கள். பழைய மருந்துக்கடையைப் பார்க்க வேண்டும் என்றார் அவர். அப்பா கண்ணாடியைக் கழற்றினார். “மழை பெஞ்சா உள்ள முழங்கால் அளவு தண்ணி ஏறும்மா. மாவு மூட்டை எல்லாம் வீணாப் போயிடும்,” என்றார். அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நான் பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் இருக்கிறேன். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் பார்த்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் சலூன்காரர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். நாற்காலியில் ஒருவர் முகம் நிறைய நுரையோடு சாய்ந்திருந்தார்.

“இங்க வா, பேசாமடந்தை. பைபாஸ் ரோட்டுல புதுக் கடைகள் கட்டியிருக்கானே, அந்தக் காம்ப்ளெக்ஸ்காரன் உங்க அப்பாவுக்கு என்ன குடுத்தான்?”

எனக்குப் புரியவில்லை.

“இந்தத் தெரு காலியாக் கிடந்தா அவனுக்குத்தானே லாபம்? கடை கேட்டு வந்தவனை எல்லாம் உங்க அப்பா திருப்பி அனுப்புறாரு. ஏன்னு கேட்டா சிரிக்கிறாரு. ஊர்ல எல்லாப் பூட்டுக்கும் சாவி வெட்டுறாரு, அவர் வாய்க்கு ஒரு சாவி வெட்ட ஆளில்ல.”

நுரைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது.

“ஆட்டாதய்யா, காது போயிடும்,” என்று அவரை அதட்டிவிட்டு சலூன்காரர் குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு சொல்றேன், கேளு. தெருவே சாப்பிடப் போன நேரத்துல உங்க அப்பா மூடின கடை ஒவ்வொண்ணு முன்னாடியும் போய் நிக்கிறாரு. பூட்டைக் கையில எடுக்கிறாரு. நாடி புடிச்சுப் பாக்கற மாதிரி பாக்கறாரு. அப்புறம் அடுத்த கடை. அவருக்குச் சொந்தமான பூட்டா அது?”

அன்றிலிருந்து அப்பா கடையை விட்டு எழுந்தால் எங்கே போகிறார் என்று நானும் பார்க்கத் தொடங்கினேன். பெற்றவரை வேவு பார்ப்பது நல்ல காரியமில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை அக்கா செருப்புக்கடையின் உள்ளே அளவெடுக்க வந்தாள். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். வியாபாரிகள் சங்கச் செயலாளர் மூடின கடைகளின் சாவிக் கொத்தோடு வந்தார். அவருக்குக் குடைக்கடை. வெயிலிலும் கையில் ஒரு குடை இருக்கும். விளம்பரம் என்பார்.

அவர் கொத்தைப் பிரித்து சீட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, அப்பா எங்கள் கடையிலிருந்து ஓடி வந்தார். கையில் எண்ணெய். செருப்புக்கூடப் போடவில்லை.

“குடுங்க, குடுங்க. நான் திறக்கறேன்.”

“திறக்கத் தெரியாதவனா நான்?”

“பழைய பூட்டுங்க. முறைச்சுக்கும்.”

செயலாளரின் கையிலிருந்து கொத்தை ஏறக்குறையப் பிடுங்கினார். சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார். செருப்புக்கடை என்று எழுதிய சீட்டை இருமுறை வாசித்த பிறகுதான் அந்தச் சாவியை நுழைத்தார். பூட்டு முறைக்கவே இல்லை. தொட்டதும் திறந்தது.

செயலாளர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் தரையைப் பார்த்தேன்.

உள்ளே தூசும் பழைய ரப்பரும் கலந்த வாசனை. கால் அளவு பார்க்கும் மரப்பலகை மூலையில் சாய்ந்திருந்தது. கண்ணாடி அலமாரியில் ஒரு காலுக்கு மட்டுமான செருப்புகள் வரிசையாக நின்றன. காட்சிக்கு வைப்பது எப்போதும் ஒற்றைதான், திருடினாலும் பயன்படாது என்று அக்கா சிரித்தாள். பிறகு அளவு நாடாவை என்னிடம் நீட்டிவிட்டு, மேலே பார்த்தாள்.

“ஒழுகுமாடி?”

நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரையில் பழுப்பு வளையம் ஒன்றுகூட இல்லை. ஈரம் ஏறிய சுவரில் உப்புப் பூக்கும். வெள்ளையாக, தொட்டால் பொடியாக உதிரும். சுவரை அடியிலிருந்து தடவிப் பார்த்தேன். சுண்ணாம்பு கெட்டியாக இருந்தது. கீழ்த்தட்டில் இருந்த அட்டைப் பெட்டிகள் ஒன்றும் உப்பவில்லை, மூலை மடியவில்லை.

“ஒழுகல,” என்றேன்.

“அப்ப அப்பா பொய் சொல்றாரா?”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரொட்டிக்கார அம்மாவைப் பற்றிச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் காலிக் கடையில் மெதுவாகச் சொன்னதும் பெரிதாகக் கேட்டது.

அக்கா செருப்பு போட்டுப் பார்க்கும் முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்ப எனக்கு மட்டும் இல்ல,” என்றாள். “யாருமே வரக் கூடாதுன்னு நினைக்கிறாரு. எதுக்குடி?”

நாங்கள் வெளியே வந்தபோது அப்பா ஷட்டர் ஓரமாகவே நின்றிருந்தார். அவரே ஷட்டரை இறக்கி, அவரே பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அக்கா அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

அன்று சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடி சொன்னார்: “ஒம்பது பேருக்கும் புதுப் பூட்டு குடுத்துடலாம்னு இருக்கேன். காசு வேண்டாம்.”

அம்மா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினாள்.

“யாரு, நீங்களா? எங்க அண்ணன் வீட்டுக்கு ஒரு கொக்கி வாங்கினதுக்கு முழுக் காசும் வாங்கின ஆளு நீங்க.”

“தெரு நல்லா வரட்டுமேன்னுதான்.”

“தெரு.” அம்மா என் பக்கம் திரும்பினாள். “ரெண்டு வருஷமா இந்த மனுஷன் தூக்கத்துல பல்லைக் கடிக்கிறார். என் சமையலை நினைச்சுத்தான் கடிக்கிறார்னு இருந்தேன். இப்ப என்னவோ தோணுது.”

“என்ன தோணுது?” என்றார் அப்பா.

“தோணுது, அவ்வளவுதான்.”

அப்பா தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார்.

புதன்கிழமை புதுப் பூட்டுகள் வந்தன. கெட்டியான பித்தளை. அப்பா என்னை முன்பக்கம் உட்கார வைத்துவிட்டு, பின்னால் இருந்த மேசையில் ஒன்பதையும் வரிசையாக அடுக்கினார். சாவி எந்தப் பூட்டுடையதோ அந்தப் பூட்டில் போட்டுப் பார்ப்பதுதான் எங்கள் கடை வழக்கம். திறந்தால் சரி, உறையில் போட்டுவிடுவோம். அன்று அப்பா அதோடு நிறுத்தவில்லை. ஒரு சாவியை எடுத்து, அதன் பூட்டைத் திறந்து மூடினார். பிறகு அதே சாவியை மற்ற எட்டுப் பூட்டுகளிலும் நுழைத்துத் திருப்பிப் பார்த்தார். எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் திறக்காதபோது மூச்சை விட்டார். பிறகு அடுத்த சாவி.

நான் கதவோரம் நின்று பார்த்தேன். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு சோதனையை மறுபடி மறுபடி செய்ய வேண்டியிருக்கும். சந்தேகம் இருந்தால்தான் அப்படிச் செய்வோம். எதைச் சந்தேகப்படுகிறார் என்று யோசித்தேன். வாசலுக்கு வந்து, தெருவின் ஷட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்பதாவதுக்கு வருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. பிறகு போய் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வியாழக்கிழமை சங்க அலுவலகத்தின் முன்னால் மேசை போட்டார்கள். நகராட்சி மேடம் குடைக்கடைக்காரரின் குடை நிழலில் உட்கார்ந்தார். மேசைமேல் ஒன்பது சாவிகள், சீட்டோடு. கடை கிடைத்தவர்கள் ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். ரொட்டிக்கார அம்மாவும் அவர்களில் ஒருவர். அவருக்கு அதே மருந்துக்கடைதான் விழுந்திருந்தது. தெருமுனையில் ஒரு குட்டி வண்டி நின்றது. அத்தான் அதில் நான்கு மெஷினையும் ஏற்றி, போர்வை போர்த்திக் கயிறு கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

மேடம் முதல் பெயரைக் கூப்பிட வாயெடுத்தபோது அப்பா பெட்டியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார்.

“மேடம், ஒரு வார்த்தை. பழைய பூட்டெல்லாம் கழட்டிடலாம். எல்லாருக்கும் புதுசு குடுக்கறேன். என் செலவு.”

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்,” என்றார் சலூன்காரர், யாரிடமும் என்றில்லாமல்.

“பழைய பூட்டுக்கு என்ன குறை?” என்றார் செயலாளர். “நீங்க வித்ததுதானே? முந்தாநாள்கூடத் தொட்டதும் திறந்துச்சே.”

“பழசாயிடுச்சு. அவ்வளவுதான்.”

“ஐயா,” என்று ரொட்டிக்கார அம்மா முன்னால் வந்தார். “என்கிட்ட முழங்கால் அளவு தண்ணி ஏறும்னு சொன்னது நீங்கதானே? பக்கத்துல எல்லாரையும் விசாரிச்சிட்டேன். ஒரு சொட்டு ஏறாதுன்னாங்க.”

“என்கிட்ட எலின்னாரு,” என்றார் சைக்கிள் ரிப்பேர்காரர். “பூனை அளவு எலின்னாரு.”

“என்கிட்ட மாடிப்படி இடிஞ்சு விழும்னாரு,” என்றார் பின்னாலிருந்து ஒருவர். “அந்தக் கடைக்கு மாடியே கிடையாது.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. தனக்கு மட்டும் நடந்தது என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

“இத்தனை பேரையும் நீங்களா திருப்பி அனுப்பினீங்க?” என்றார் மேடம்.

அப்பா பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார்.

“கேக்கறாங்கல்ல, சொல்லுங்க,” என்றார் சலூன்காரர். இப்போது அவர் குரலில் கேலி இல்லை. “ரெண்டு வருஷமா என் கடையில ஈ ஓட்டுறேன். வர்றவனை எல்லாம் துரத்திட்டு இப்ப சும்மா பூட்டு குடுக்கறாராம். அந்தப் புதுப் பூட்டுக்கு வீட்டுல எத்தனை சாவி வெட்டி வச்சிருக்காரோ?”

பூட்டு விற்பவரிடம் சொல்லக்கூடாத சொல் அது ஒன்றுதான்.

அக்கா மேசைக்குப் போனாள். செருப்புக்கடை என்று சீட்டுக் கட்டிய சாவியை எடுத்துக்கொண்டாள்.

“எனக்குப் பழைய பூட்டே போதும்,” என்றாள். “உங்க புதுப் பூட்டு வேண்டாம்ப்பா.”

அத்தானுக்குக் கையைக் காட்டிவிட்டு செருப்புக்கடைக்கு நடந்தாள். வண்டி நகர ஆரம்பித்தது. அவளைப் பார்த்து ரொட்டிக்கார அம்மா தன் சாவியை எடுத்தார். பிறகு சைக்கிள்காரர். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எடுத்தார்கள். அப்பாவின் பெட்டியை யாரும் தொடவில்லை. செயலாளர் அதை ஒரு விரலால் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

வண்டி எங்களைக் கடந்து போனது. போர்வைக்கு வெளியே ஒரு மெஷினின் சக்கரம் தெரிந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“அப்பா,” என்றேன்.

அத்தனை பேரும் திரும்பினார்கள்.

“அக்கா ராத்திரி மெஷினை உள்ள வச்சுப் பூட்டிட்டு வீட்டுக்குப் போவா. சொல்லிடுங்கப்பா.”

அப்பா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஒழுகாது,” என்றார். “தண்ணி ஏறாது. எலியும் கிடையாது. எல்லாம் நான் சொன்ன பொய்.”

“அதான் தெரியுதே,” என்றார் சலூன்காரர்.

“காலியா இருக்கற வரைக்கும் பரவாயில்லன்னு இருந்துட்டேன். ஒண்ணுமில்லாத கடையில எவன் வந்து எதைத் தூக்கப் போறான்? ஆளு வந்தா சரக்கு வரும். சரக்கு வந்தா…” அவர் நிறுத்தினார். “அதனாலதான் துரத்தினேன். எவன்கிட்டயும் எதுவும் வாங்கல.”

அக்கா ஷட்டரின் முன்னால் பூட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். “என்னப்பா சொல்றீங்க?”

“ஒரு மொத்த வியாபாரி கடையை மூடறப்ப மிச்சமிருந்த பூட்டுப் பெட்டியை மலிவாக் குடுத்தான். இந்த ஒம்பது பூட்டும் அதுல இருந்ததுதான். ஒவ்வொரு சாவியையும் அதது பூட்டுல போட்டுப் பாத்துத்தான் வித்தேன். பக்கத்துப் பூட்டுல போட்டுப் பாக்கல. யார் பாப்பாங்க? ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தருக்குக் கடை காட்டப் போனப்ப சாவியை மாத்தி எடுத்துட்டுப் போயிட்டேன். அப்பத்தான் தெரிஞ்சுது. யார்கிட்டப் போய்ச் சொல்றது? சொன்னா அப்புறம் என்கிட்ட எவன் பூட்டு வாங்குவான்?”

“புரியற மாதிரி சொல்லுங்க ஐயா,” என்றார் மேடம். “என்ன தெரிஞ்சுது?”

சாவியை வாங்கியவர்கள் ஒன்பது பேரும் அவரவர் கையைப் பார்த்தார்கள். அப்பா அக்காவை மட்டும் பார்த்தார்.

“உன் கையில இருக்கற அந்தச் சாவி,” என்றார், “ஒம்பது கடையையும் திறக்கும்மா. எல்லார் கையிலயும் இருக்கறது ஒரே சாவிதான்.”